கவரில் இல்லாத பால்

எட்டுக் கிலோ கேழ்வரகு மாவுக்கு ஒரு கிலோ பால் பவுடர். சித்தேரி மலையில் சோபனா அரைத்து விற்ற சத்துமாவின் ருசி அதில்தான் இருந்தது. கவரில் அந்தப் பவுடர் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கவர் அச்சடித்த காலத்தில் மாவில் பால் இல்லை. கேழ்வரகு, சாமை, ஏலக்காய், அவ்வளவுதான். பிறகுதான் பிள்ளைகள் குடிக்கிற கஞ்சியாயிற்றே என்று பவுடரைச் சேர்த்தாள். விலையை ஏற்றவில்லை. மூட்டை மூட்டையாகக் கிடந்த பழைய கவரிலேயே அடைத்தாள். புருஷன் முத்துராஜ் ஒருமுறை கேட்டான்.

"கவர்ல எழுத வேணாமா?"

"கெட்டதைக் கலந்தா எழுதணும். நல்லதைப் போட்டுட்டு தண்டோரா அடிப்பாங்களா?"

தை மாதம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி நவநீதன் ஜீப்பில் வந்தார். அவள் மாவில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்து அரூரில் இரண்டு வயதுக் குழந்தை இறந்துவிட்டது என்றார்.

சோபனா டப்பாவைத் திறந்து ஒரு கை மாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"பூச்சி மருந்து பக்கமே போனதில்லைங்க சார். விஷமா இருந்தா நான் சாவறேன், நின்னு பாருங்க." மாவு தொண்டையில் அடைத்து இருமினாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இதுல பால் இருக்கா?"

"இருக்குங்க. தண்ணியா கலந்தேன்? பாலு சார். அதுவும் தப்பா?"

"அந்தப் புள்ளைக்குப் பால் ஒத்துக்காது. உள்ள போனா மூச்சு அடைச்சிடும். துளி போட்டாலும் 'பால் உள்ளது'ன்னு கவர்ல இருக்கணும். சட்டம் அதுக்குத்தான்."

பால் ஒத்துக்காத பிள்ளைகள் உண்டு என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும். அவர் சோதனைக்குக் கொஞ்சம் மாவை எடுத்துக்கொண்டு, அரவை அறைக்குச் சீல் வைத்துப் போனார்.

மாசியில் குழந்தையின் தாய் பிரியதர்ஷினி பஸ் ஏறி மலைக்கு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று முத்துராஜ் குறுக்கே நின்றான். அவள் பையிலிருந்து காலிக் கவரை எடுத்து நீட்டினாள்.

"பிஸ்கட்டோ ரொட்டியோ, எல்லாத்தையும் படிச்சிட்டுத்தாங்க வாங்குவேன். இதையும் படிச்சேன். நாந்தான் சரியா பாக்காம விட்டுட்டனான்னு தினம் எடுத்துப் பாக்கறேன். எங்க போட்டிருக்குன்னு காட்டுங்க."

"இல்லீங்க. எழுதல" என்றாள் சோபனா. "சும்மாதாங்க சேர்த்தேன். அதுக்குன்னு காசு கூட்டல."

"கூட்டியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

எழுதியிருப்பாள். பெரிய எழுத்தில், பால்சொம்புப் படத்தோடு. அது அவளுக்கே தெரிந்தது.

"வூட்டுக்குள்ள வந்து தண்ணியாச்சும் குடிங்க" என்றான் முத்துராஜ்.

"இங்க எதுவும் வேணாங்க."

பிரியதர்ஷினி கவரைச் சுருக்கம் விழாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்தக் கவர் எங்களுடையதே இல்லை என்று சொல்லிவிடலாம் என்கிறார் அவர்களுடைய வக்கீல். சோபனா மாட்டேன் என்றுவிட்டாள். வழக்கு தருமபுரி கோர்ட்டில் வரும் ஒன்பதாம் தேதி எடுக்கப்படுகிறது. அன்றைக்கு அவள் முதல் பஸ்ஸிலேயே மலை இறங்க வேண்டும்.