நாலு இஞ்சின் இருந்தால்தான் வருவேன்

சிட்னியில் எங்கள் வீட்டுத் துணிக்கொடிக்கு மேலே தினமும் காலையில் ஒரு விமானம் தாழ்வாகப் போகும். இரண்டு மாடி, நான்கு இஞ்சின். இந்த ஊர்க்காரர் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் துணி கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இஞ்சின்களை எண்ணுவேன். ஒரு நாள் இரண்டுதான் இருந்தன. மறுநாளும் இரண்டு. அந்த வாரமே, அப்பாவுக்காக நான் எடுத்திருந்த டிக்கெட் பற்றி விமான நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது: உங்கள் வசதிக்காக விமானத்தை மாற்றியிருக்கிறோம். என் வசதிக்காக என்று யார் சொன்னாலும் என் கை தானாகப் பைக்குள் போய் பர்ஸைத் தடவிப் பார்க்கும். சென்னை பட்டினப்பாக்கத்தில் வளர்ந்த பழக்கம்.

பக்கத்து வீட்டு கிரெக்கிடம் கேட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். செல்போனை வானத்துக்குக் காட்டி, எந்த விமானம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வதே அவருடைய பொழுதுபோக்கு. பெரிய விமானங்களைப் பல நிறுவனங்கள் ஓரங்கட்டுகின்றன, சிலவற்றைப் பாலைவனத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள் என்றார். "அப்படியென்றால் என் அப்பா இனிமேல் வரமாட்டார்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தொப்பியைக் கழற்றினார். மறுநாள் எங்கள் வாசலில் ஒரு பூங்கொத்தும் அனுதாப அட்டையும் இருந்தன. பூவை ஜாடியில் வைத்தேன். அட்டையை வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை.

நைனா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். அம்மா போன பிறகு வருஷத்துக்கு மூன்று மாதம் என்னோடு வந்து இருப்பார். கிரெக்கிடம் கேட்பதற்கு முந்தின நாள்தான் விமான மாற்றத்தைச் சொல்ல அவருக்குப் போன் செய்திருந்தேன்.

"ரெண்டு இஞ்சினா? நான் வர்லம்மா."

"ஏன் நைனா?"

"நாலுல ஒண்ணு படுத்துக்கினா மூணு கீது. ரெண்டுல ஒண்ணு படுத்துக்கினா? அன்னிக்கு நாலு இருந்தா பத்திரம்னான். இன்னிக்கு ரெண்டே போதும்ன்றான். எது பொய்யி?"

கேள்வி நியாயமானது. எனக்கும் சந்தேகம் இருந்ததால் தேடிப் படித்தேன். நான்கு இஞ்சின் நான்கு பங்கு பராமரிப்பு கேட்கும், எரிபொருளைக் குடித்துத் தள்ளும். ஐந்நூறு இருக்கைகள் விடுமுறையில் நிரம்பும், மற்ற மாதங்களில் பாதி காலி. காலியாகப் போனாலும் செலவு குறையாது. இப்போதைய இரண்டு இஞ்சின் விமானங்களில் ஒன்று நின்றாலும் மற்றது பக்கத்து விமான நிலையம்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஜனங்களும் நடுவில் இறங்கி மாறாமல் நேராகப் போகத்தான் விரும்புகிறார்கள். மறுபடி போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அதெல்லாம் எனக்குப் புரியாது" என்று வைத்துவிட்டார்.

புரியாதா? அங்கேதான் எனக்கு உறுத்தியது. மண்டபத்தில் லாரி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தது. நான் சாப்பாடு கொண்டுபோகும்போது அதன் உறுமலில் தூக்குச்சட்டியே அதிரும். பெரிய கல்யாணங்கள் குறைந்து, நூறு பேர் வரும் வளைகாப்பும் நிச்சயதார்த்தமும் அதிகமான சமயம், முதலாளியிடம் போய் நின்றவர் இதே நைனாதான். "ஆள் கம்மியா வந்தாலும் இது டீசல கொறைக்காது சார். இத்த வித்துட்டு சின்னதா ரெண்டு போடு. ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு ஸ்பேர்." உலகத்து விமான நிறுவனங்கள் இப்போது செய்கிற கணக்கை மண்டபத்துப் பின்கட்டில் அன்றே போட்ட மனிதர், எனக்குப் புரியாது என்கிறார். போதாததற்கு, பெரிய விமானத்துக்கு மாறுவதே சிங்கப்பூரில்தான்; சென்னையிலிருந்து அதுவரை அவர் இத்தனை வருஷம் கடலுக்கு மேலே வந்ததே இரண்டு இஞ்சினில்தான். ஏதோ மறைக்கிறார். நோயாக இருக்குமோ? வாசலில் பார்த்த அட்டை நினைவுக்கு வந்தது. லீவு போட்டுச் சென்னைக்குக் கிளம்பினேன்.

வீட்டில் அவர் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பீரோவைக் குடைந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இல்லை. பாஸ்போர்ட் இருந்தது. அந்த மின்னஞ்சலுக்குப் பல மாதம் முன்பே காலாவதியாகியிருந்தது. விமானத்தை மாற்றியது உண்மையில் அவருடைய வசதிக்காகத்தான் போலிருக்கிறது.

சாயங்காலம் கையில் கிரீஸ் கறையோடு வந்தார். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறாராம். பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"இது இன்னா நைனா?"

"முடிஞ்சிப்போச்சி. பாத்தா தெர்ல?"

"ஏன் சொல்லல? இஞ்சின் கதையெல்லாம் இன்னாத்துக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சிட்னில கரண்டே போவாது. கெட்டுப்போன சுவிட்ச கழட்டப் போனா, இந்த ஊர்ல லைசென்ஸ் இல்லாம தொடக்கூடாதுன்ற. அடுப்பாண்ட வந்தா ஒக்காரு நைனான்ற. மண்டபத்துல ஸ்பேர் செட்ட நான் எப்டி வெச்சிருப்பேன்? தொடச்சி, தார்ப்பாய் போட்டு மூடி வெப்பேன். நீயும் என்ன அப்டித்தான் வெச்சிருந்த. நல்லாதான் வெச்சிருந்த. ஆனா ஓட்டாம வெச்சா பேட்டரி எறங்கிடும்மா."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என் மேல்தான். "மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ அங்க தனியா ஒக்காந்து அழுவ. பிளேன்காரன் மேல பழிய போட்டா அவன திட்டிட்டு வுட்ருவ."

லீவு முடியும்வரை அவரோடு வேளச்சேரிக்குப் போனேன். அங்கே மழைக்காலத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் முதல் போன் அவருக்குத்தான் வரும் என்று காவலாளி சொன்னார். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிற பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

விமான நிலைய வாசலில் என் பெட்டியை இறக்கிவிட்டு, "சன்னலாண்ட ஒக்காரு. ரெண்டும் சுத்துதான்னு பாத்துக்கோ" என்று சிரித்தார். அப்படியே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் பக்கத்து இஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றது அந்தப் பக்கத்து இறக்கையில். எழுந்துபோய்ப் பார்க்கலாம் என்றால் பெல்ட் விளக்கு அணையவில்லை. அணைந்த பிறகு அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன், அதுவும் சுற்றியது. ஆனால் அங்கே நின்றபோது என் பக்கத்து இஞ்சின் தெரியவில்லை. கண்ணில் படாததும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று நம்பி இருக்கைக்குத் திரும்பினேன்.