அண்ணனுக்குக் காறாத கொழுப்பு

முதலில் தாடைதான் வலித்தது. சாலைக் கடைத்தெருவில் எங்கள் தேங்காயெண்ணெய்க் கடையில் டின் இறக்கிக்கொண்டிருந்தேன். பல்வலி என்று கிராம்பு கடித்தேன். மூன்றாம் நாள் இடது கையும் கனத்தது. அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தான்.

ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) இரண்டு அடைப்புகளைக் காட்டியது. பெரியதில் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு கம்பிவலை) வைத்தார்கள். சின்னதை மாத்திரையால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டுமாம். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். தினமும் பழம்பொரியும் (நேந்திரம்பழ பஜ்ஜி) பொரித்த மீனும் தின்பவன். நான் அவித்த பயறு தின்றவன். இருவருக்கும் கொலஸ்ட்ரால் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஸ்கேனில் அவன் ரத்தக்குழாய் சுத்தமாக இருந்தது. ஒரு சின்ன அடைப்பாவது இருக்காதா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றியிருந்தால், துணைக்கு நானிருக்கிறேன்.

“அவனுக்கும் அதே அளவுதானே டாக்டர்?” என்று கேட்டேன்.

“அளவு மாத்ரம் போரா, சேட்டா. அது மட்டும் பத்தாது,” என்றார் மலையாளத்துக்கார டாக்டரம்மா. “கொழுப்பு சுமக்கிற துகள் குழாய்ச் சுவர்ல மாட்டும். அங்க ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போகும். வெள்ளணு அதை விழுங்கி வீங்கும். அடைப்பு வளர அதுவும் ஒரு காரணம்னு கருதுறோம். ஓரோருத்தருக்கு ஓரோ மாதிரி.”

காறல்! எண்ணெய் காற்றுப் பட்டுக் காறுவதை எனக்கா சொல்ல வேண்டும்? நோயின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டதில், இந்த ஒரு விஷயத்திலாவது அண்ணனை ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். வைட்டமின் ஈ காறலைத் தடுக்கும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்ததுதான். அதை நானே வாங்கி விழுங்கினேன். ஸ்டாட்டினை (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். நான்கு மாதம்.

பிறகு ஒருநாள் தம்பானூர் ரயில் நிலையப் படிக்கட்டில் நெஞ்சைப் பிசைந்தது. சின்ன அடைப்பு பெரிதாகியிருந்தது. இரண்டாவது ஸ்டென்ட்.

“ரத்தக்குழாய் எண்ணெய் டின் அல்ல, சேட்டா. வைட்டமின் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள்ல பலன் தெரியலை. சுவர்ல மாட்டுற துகளைத்தான் குறைக்கணும். மாத்திரை அதுக்குத்தான்,” என்றார் டாக்டரம்மா.

அண்ணன் கட்டிலருகே நின்று அழுதான். “கள்ளப்பயலே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?” அழுதுகொண்டே மூன்று மாடி இறங்கி, மருந்து வாங்கி, மூச்சு வாங்காமல் திரும்பவும் ஏறி வந்தான். அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது மாத்திரையை விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள். என் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று சதா காது கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு அப்பால் நாட்காட்டியைப் புரட்டுவதில்லை.

போன வாரம் அண்ணன் ஷட்டரை இழுத்தபடியே சொன்னான்: “எடேய், இந்த ஓணம் போகட்டும், அடுத்த ஓணத்துக்குக் கடைக்கு மேல ஒரு மாடி எடுக்கணும், கேட்டியா?”

இரண்டு ஓணத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! அவன் ரத்தக்குழாயைக்கூட விட்டுவிடலாம். பயமில்லாமல் அடுத்த வருஷத்தைப் பேசும் அந்த வாய்தான் எனக்கு வேண்டியிருந்தது.

“எடுப்போம்ணே,” என்றேன். மறுபக்கம் பிடித்து ஷட்டரை நானும் இழுத்தேன்.