எதிரிப் படையில் காத்தான்

கல்வராயன் மலையில் மரவள்ளி போடும் காத்தானுக்கு, சினிமாவில் தன் முகம் தெரிய வேண்டும் என்று ஒரே ஆசை. ஆசை யாரை விட்டது? அதற்கேற்றாற்போல் எங்கள் ஊருக்கே படப்பிடிப்பு வந்தது. உளவாளியான ஹீரோ எதிரி நாட்டில் புகுந்து, அவர்கள் ஒளித்து வைத்திருக்கும் ராக்கெட்டைத் தகர்க்கும் சண்டைக் கதை. ராக்கெட் பிளைவுட்டில் செய்தது. எதிரிப் படை மட்டும் அசல், எல்லாரும் எங்கள் ஊர் ஆட்கள். சங்கராபுரத்திலிருந்து உடுப்பு மூட்டைகளை ஏற்றி வந்த டெம்போக்காரன் நான்தான்.

காத்தானுக்குக் காவல் தலைவன் வேஷம். "ஒன் மூஞ்சிய எவன் படம் புடிப்பான்?" என்று மச்சான் முனியன் சீண்டினான்.

"கள்ளக்குறிச்சி தேட்டர்ல வந்து பாத்துக்க" என்று இவன் சவால் விட்டான். மனைவி ஆயம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் புத்தி அவளிடம்தான் இருக்கிறது.

ஹீரோ ராக்கெட்டுக்குக் குண்டு வைக்கும்போது காவலர்கள் ஓடிவந்து வளைக்க வேண்டும். கேமரா ஓடியது. பூட்ஸ் தடதடக்க எதிரிப் படை வந்தது. பாதையோரத்துச் சாமிக்கல் வந்ததும் மொத்தப் படையும் நின்று, குனிந்து பூட்ஸைக் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி ஓடியது. அந்தக் கல்லைத் தாண்டிச் செருப்புக் காலோடு போகும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வண்டிக்குள் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாயா இது? நீங்க ராணுவம்யா."

"சுட்டீங்கன்னா சாவுறோம் சார். பூட்ஸு போட்டுக்கினு கல்லத் தாண்ட மாட்டோம்" என்றான் காத்தான்.

"அப்ப உடுப்பக் கழட்டிக் குடு. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

காத்தான் சட்டைப் பித்தானில் கை வைத்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க அவன் வெறுங்காலோடு ராக்கெட் பக்கம் நடந்தான். அங்கே முதுகைக் காட்டி டீ குடித்துக்கொண்டிருந்த ஹீரோவுக்கு அவன் வந்ததே தெரியவில்லை. திரும்பியவர் அலறி, டீயை மேலெல்லாம் கொட்டிக்கொண்டார்.

இத்தனை நாளாய்க் கெஞ்சியும் அவர் முகத்தில் வராத பயம் அப்போது வந்தது. டைரக்டருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பூட்ஸ் வேண்டாம், இப்படியே சத்தமில்லாமல் வாங்க என்று காட்சியையே மாற்றிவிட்டார்.

படம் வந்த அன்று எல்லாருமாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். ஹீரோ குண்டு வைக்கும் இடம் வந்தது. திரை முழுக்க இரண்டு வெறுங்கால்கள். வெடித்த குதிகால், வளைந்த சுண்டுவிரல். பூனை மாதிரி நடந்து வந்தன. அடுத்து ஹீரோவின் அரண்ட முகம். அப்புறம் ராக்கெட் வெடித்துவிட்டது. காத்தான் முகம் வரவே இல்லை.

"மூஞ்சி எங்க மச்சான்?" என்றான் முனியன். காத்தான் தலையைக் குனிந்துகொண்டான். பாவமாக இருந்தது.

ஆயம்மாள் பக்கத்துச் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவின் தோளைத் தட்டினாள். "அது எங்க வூட்டுக்காரரு காலுங்க." அவள் குரலில் அப்படியொரு பெருமை. அந்தம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். காத்தான் கூச்சத்தில் கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.