வள்ளப் பெயின்ற் பூசிய சில்லு

குணலட்சுமி ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். சுன்னாகத்தில் சைக்கிள் திருத்தும் கடை போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய அந்த மனுசியிடம் "உது சரிவராது" என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே அதைச் செய்துகாட்டுவார்.

ஆமி பிடித்துவைத்திருந்த அவர்களின் மயிலிட்டிக் காணி விடுபட்டதும் அவர் ஒரு கதைதான் சொன்னார்: "இந்தக் காரிலைதான் திரும்பிப் போறது." தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குள் அவர்களை ஏற்றிவந்த ஒஸ்ரின் அது. வழியில் முன்சில்லின் ரயர் வெடித்தது. கணவர் செல்வரட்ணம் நிறுத்தவில்லை, வெறும் றிம்மிலேயே சுன்னாகம்வரை ஓட்டினார். நெளிந்துபோன அந்த றிம் கொட்டிலில் கிடந்து கறளும் பிடித்திருந்தது.

"அக்கா, உதைத் தூக்கி எறி. வேறை சில்லு போடுவம்," என்றான் தம்பி ஜெயரூபன்.

"எறியிறதெண்டால் உன்னைத்தான் எறிவன். எங்களைக் காப்பாத்தினது இந்தச் சில்லடா."

கறளைச் சுரண்டினார். ஓட்டை விழுந்த இடங்களுக்கு வெல்டிங் செய்வித்தார். பிறகு சைக்கிள் றிம்மைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். சில்லைச் சுழற்றி ஓரத்தில் வெண்கட்டியைப் பிடித்தால், பிதுங்கிய இடத்தில் கோடு விழும். அந்த இடத்தில் அடி, மறுபடி சுழற்று. கை கொப்பளித்தது. கோடு சுற்றிவர ஒரேமாதிரி விழும்வரை அவர் விடவில்லை. பெயின்ற் அடித்துக் காரில் பூட்டும் வேலையை மட்டும் செல்வரட்ணத்திடம் கொடுத்தார்.

புதுவீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்கும் நாள் வந்தது. காலையில் கொஞ்ச நேரந்தான் நல்ல நேரம், பிறகு ராகுகாலம். நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்துச் செல்வரட்ணம் காரை எடுத்தார். மூன்று நசிந்தன. அந்தப் பழைய முன்சில்லின் காய் மட்டும் வழுக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடியது!

"ஐயோ, சகுனம் சரியில்லை," என்று ஜெயரூபன் போனை எடுத்தான். "வாடகை வான் ஒண்டைப் பிடிப்பம் அக்கா."

"சகுனமாவது மண்ணாங்கட்டியாவது! சில்லு ஆடுது, அதுதான் காய் ஓடினது. ஜாக்கைக் கொண்டா."

தூக்கிச் சுழற்றினார். ஆடத்தான் செய்தது. றிம் திரும்பவும் நெளிந்துவிட்டதோ? அடித்து நேராக்கிய றிம்மல்லவா? கழற்றித் திருப்பினால், அச்சோடு ஒட்டி உட்காரவேண்டிய உள்முகத்தில் நீலப் பெயின்ற் தோசைபோலத் தடித்துக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

தகப்பனின் மீன்பிடி வள்ளத்துக்குப் பூசிப் பழகிய செல்வரட்ணம் தலையைச் சொறிந்தார். "வள்ளப் பெயின்ற். கடற்கரைக்கெல்லே போறம், உப்புக்காத்து பூந்திடுமெண்டு... எங்களைக் காப்பாத்தின சில்லெல்லே, இதுக்கு மட்டும் கூடப் பூசினனான்."

குணலட்சுமிக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "உங்களோடை..." என்றபடி உளியை எடுத்துப் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினார். ஜெயரூபன் நேரம் சொல்லிக்கொண்டே நின்றான். அவர் நிமிரவே இல்லை. வெறும் இரும்பு தெரிந்தபிறகுதான் சில்லைப் பூட்டி நட்டுகளை இறுக்கினார். புதுத் தேசிக்காய் சப்பென்று நசிந்தது.

மயிலிட்டிக்குப் போய்ச் சேர, ராகுகாலம் தொடங்கிவிட்டது. பற்றை வெட்டிய காணிக்குள் கார் உறுமிக்கொண்டு நுழைந்தது. அங்கே காத்துநின்ற மேசன் கல்லைத் தொடத் தயங்கினார்.

"நேரம் தப்பிட்டுது அக்கா. வேறை நாள் பாப்பமே?" என்றான் ஜெயரூபன்.

குணலட்சுமி இறங்கி, செல்வரட்ணத்தின் கையைப் பிடித்து, அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கடிக்குக் கூட்டிப்போனார். தன் கன்னத்தில் வழிந்த கண்ணீரை அவர் துடைக்கவில்லை.

"இஞ்சையிருந்து ஓடேக்கை ஆரடா எங்களுக்கு நேரம் பாத்தவை? மேசன், கல்லை வையுங்கோ."