பூவாயி படுத்த வாய்க்கால்

மலைமேல் இருக்கும் வாழவந்தி ஊருக்குக் கீழே, பள்ளத்தில், இன்பமேரிக்கும் அவள் கணவன் மரியஜோசப்புக்கும் ஒரு துண்டு சதுப்பு நிலம் இருந்தது. காலை வைத்தால் முழங்கால்வரை போகும். கோரையும் தவளையும் தவிர அங்கே எதுவும் விளைந்ததில்லை. எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மரியஜோசப், எழுபத்தெட்டாம் வருஷம் அதன் நடுவே ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு பீன்ஸ் போட்டான். முதலில் கொடி தாங்காமல் காய்த்தது. பிறகு கறுப்பு மண் காய்ந்து பொடியாகிக் காற்றில் பறந்தது. நிலமே ஒரு முழம் இறங்கிவிட்டது. விளைச்சலும் கூடவே இறங்கியது.

கீழ்க்காட்டில் சாமை விதைக்கும் மாதப்பனுக்கு வேறு கஷ்டம். மழை பெய்தால் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து வரப்பை உடைத்தது. மாசி பிறந்தால் அவருடைய ஊற்றுக்குழி வற்றிப்போனது. மேலே வெட்டிய வாய்க்காலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமென்று யாருக்கும் தோன்றவில்லை.

பால் விற்கலாமென்று இன்பமேரி ஓர் எருமை வாங்கினாள். பூவாயி என்று பெயர். எஸ்டேட் வேலைக்குப் போகும்போது அதைப் பள்ளத்தில் கட்டிவிட்டுப் போவாள். பூவாயி வாய்க்கால் கரையைக் கொம்பால் சரித்து, உள்ளே இறங்கி, சுகமாகப் படுத்துக்கொண்டது. சரிந்த மண் வாய்க்காலை அடைத்தது. மரியஜோசப் மண்வெட்டியோடு போய் அள்ளிப் போடுவான்; மறுநாள் பார்த்தால் மறுபடி சரிந்திருக்கும்.

"இந்த ஊட்டுல ஒண்ணு எருமை இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்!" என்று கத்தினான்.

"பாலு குடுக்கறது அதுதானுங்களே" என்றாள் இன்பமேரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்தக் கோடையில் மாதப்பன் மூச்சு வாங்க மேடேறி வந்தார்.

"ஏனுங்கம்மா, மேல என்ன பண்ணுனீங்க? பங்குனியில என்ற ஊத்துல தண்ணி நிக்குதுங்க!"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. எருமை படுத்திருக்குது."

அவர் நம்பவில்லை. இருவரும் போய்ப் பார்த்தார்கள். பீன்ஸ் குச்சிகளின் அடியில் தண்ணீர் பரவி நின்றது. அதன் நடுவே மூக்கும் கொம்பும் மட்டும் தெரிய, பூவாயி அசை போட்டுக்கொண்டிருந்தது. மாதப்பன் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இன்பமேரி கணவனிடம் சொன்னாள்: "பள்ளத்த அதும்பாட்டுக்கு உட்ருவமுங்க. ஓரத்து மேட்டுல காப்பி வெச்சுக்கலாம்." மரியஜோசப் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் வெட்டியதைத் தானே மூட அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபோது, இன்பமேரி சொல்லி வந்திருந்த மாதப்பனின் ஆட்கள் வாய்க்காலை அடைக்கக் கல் அடுக்குவதைப் பார்த்தவன் சும்மா நிற்க முடியாமல் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"அங்க வெச்சா கல்லு நிக்காதுங்க மாதப்பண்ணே. தள்ளுங்க, நான் வெக்கறேன்."

மழையில் ஓரிடத்தில் அடைப்பு பெயர்ந்தது, மறுபடியும் கட்டினார்கள். மெல்லக் கோரை வந்தது, தவளை வந்தது. தட்டான் கூட்டமாகப் பறந்தது. ஒருநாள் கோரைக்குள்ளிருந்து குஞ்சுகளோடு ஒரு நீர்க்கோழி வெளியே வந்தபோது, இன்பமேரி பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். வெயில் காலத்தில் அந்தப் பக்கம் நடந்தாலே உடம்பு குளிர்ந்தது. மாதப்பனின் ஊற்று அதன்பின் வற்றவில்லை. அவர் வாழை வைத்து, கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் ஒரு தார் அனுப்பினார்.

சேதி மலையெங்கும் பரவியது. தொண்ணூற்றொன்றில் மாரமங்கலத்திலிருந்து சிலர் வந்து, காய்ந்துபோன தங்கள் சதுப்புக்காக எருமைக்கன்று ஒன்று விலைக்குக் கேட்டார்கள்.

"கன்னு மட்டும் பத்தாதுங்க, கல்லும் வெக்கோணும்" என்று மரியஜோசப்பே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இன்பமேரியும் போனாள். அங்கே சேற்றில் இடுப்புவரை இறங்கிவிட்டவளை நாலைந்து பெண்கள் சேர்ந்து இழுத்தார்கள், இழுத்தவர்களும் விழுந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சீட்டில் உட்காரக் கூடாது என்றார். வாழவந்திவரை கம்பியைப் பிடித்து நின்றபடியே, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.