மேகலாவின் பத்து நொடிகள்

பேச வைக்கும் தொழில் என்று பெயர்; ஆனால் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் எங்கள் வேலை. பதில் வராத வாட்ஸ்அப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, நீங்களும் என் இனம்தான்.

பேச்சுப் பயிற்சிப் படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர் ஆய்வு விருது ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். வாய்ப்பேச்சு வராதவர்கள் படத்தைத் தொட்டால் அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் டேப்லட்தான் என் ஆய்வு. சுவா ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இருக்கும் பதினாறு வயது மேகலாவுக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பேச்சு வராது. கைகாலும் சொன்னபடி கேட்காது. வலது கையில் ஒரு விரல் மட்டும், நாம் பொறுமையாக இருந்தால், நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரும். விருது கிடைத்தால் டேப்லட் அவளுக்கே. இல்லாவிட்டால் ஆய்வு முடிந்ததும் கல்லூரி அலமாரிக்குத் திரும்பிவிடும்.

மைலோ

கேள்வி கேட்டபின் பத்து நொடி சும்மா இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். என்னைப் போன்ற ஓட்டைவாய்க்கு அது பெரிய தண்டனை. மனதுக்குள் எண்ணுவேன். மூன்றில் செம்பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்கும். ஐந்தில் லுக்குட் ஊர்ப் பக்கமிருந்து மழை வாசம் வரும். ஏழில் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், மேகலாவின் கண்ணுக்குள் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் விரல் மெல்லக் கிளம்பும்.

சரியாக அப்போதுதான் அடுப்படியிலிருந்து அவள் அம்மா சரோஜா அக்காவின் குரல் வரும். பதினாறு வருடமாக மகளுக்கும் சேர்த்துப் பேசிப் பழகிய வாய். விரல் பாதி வழியில் திரும்பி மடியில் படுத்துக்கொள்ளும். "நீங்க கேக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் டீச்சர், அவளுக்குக் குடிக்க மைலோதான் வேணும்!"

சாமி மேடையில்

இரண்டு வாரம் கழித்து டேப்லட்டின் பதிவைத் திறந்து பார்த்தேன். நான் போன நாட்களைத் தவிர வேறு எந்த நாளிலும் ஒரு தொடுதல்கூட இல்லை. விருது கையை விட்டு நழுவுவது கண்ணுக்கே தெரிந்தது. கோபம் வந்தது, ஒளிப்பானேன். "இத எங்கக்கா வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அக்கா உள்ளே கூட்டிப்போனார். முருகன் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, குங்குமப் பொட்டு வைத்து, ஊதுபத்திப் புகைக்குள் டேப்லட் மிதந்துகொண்டிருந்தது. தினமும் மேகலா தன் நாற்காலியிலிருந்து அண்ணாந்து அதைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெல கூடின சாமானாச்சே, சாமிகிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்ல டீச்சர்?"

செய்தி வாசிப்பு

சாமியிடம் சொல்லிவிட்டு டேப்லட்டை நாற்காலிக்கு இறக்கினோம். அப்போதும் மேகலா தொடவில்லை. இந்தத் தடவை தப்பு என்னுடையது. "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "எனக்கு வலிக்கிறது" என்று என் குரலிலேயே செய்தி வாசிப்பதுபோல் பதிந்து வைத்திருந்தேன். அந்தத் தோட்டத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சொல்லப்போனால் நானும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை.

பக்கத்து வீட்டுப் புனிதா மேகலாவின் வயதுக்காரி, அவளுடைய ஒரே தோழி. அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மேகலாவும் தோள் குலுங்கச் சிரித்தாள். எல்லாவற்றையும் புனிதாவின் குரலில் மாற்றிப் பதிந்தோம். முடித்ததும் புனிதா படங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "தண்ணி கேக்க அவளுக்குக் கண்ணே போதும்க்கா, ஏசுறதுக்குத்தான் நீங்க ஒண்ணுமே வைக்கல!"

சிரம்பானில்

அன்றே ஏச்சுக்கென்று தனியாக ஒரு பக்கம் போட்டோம். விருதுத் தேர்வு சிரம்பானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மூன்று நடுவர்கள். அவர்களில் ஓர் அம்மாள் மேகலாவிடம் குனிந்து, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். பத்து. இருபது. மண்டபம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அமைதியாகிவிட்டது. ஒரு நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதில் என் நுனிநாக்கில் நின்றது. வரும் வழியில் ரொட்டி சானாய் பிய்த்து ஊட்டியவளே நான்தானே! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முப்பதில் சரோஜா அக்காவால் முடியவில்லை. பின்வரிசையில் எழுந்தே விட்டார்: "ஆச்சு மேடம், ரொட்டி சானாய் சாப்பிட்டா!" மேகலாவின் விரல் பாதி வழியில் நின்றது. ஆனால் விரல் இந்த முறை மடிக்குத் திரும்பவில்லை. திசை மாறி, ஏச்சுப் பக்கத்தைத் திறந்து, ஒரு மூலைக்குப் போய் அழுத்தியது. நாற்பதாவது நொடியில் புனிதாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: "சும்மா இரும்மா, நானே சொல்றேன் லா!"

சாயங்காலம் முடிவு தெரிந்தது. அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டு, விருது கிடைத்துவிட்டது, டேப்லட் இனி மேகலாவுக்கே என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "அது கெடக்கட்டும் டீச்சர், நம்ம லயத்துல எல்லா வீட்டுலயும் சொல்லிட்டேன், எம் மக என்னைய ஏசிட்டா!"

பேச வைக்கப் படித்த எனக்கு அந்த விருது, நடுவர் குறிப்பில் உள்ளபடி சொன்னால், நாற்பது நொடி வாயைத் திறக்காமல் நின்றதற்காகக் கொடுக்கப்பட்டது.