எண்ணெய் பூசிய கை

பிரியதர்ஷினி ஸ்கூட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவள் முழங்கையில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. சுரிதார் முழங்காலில் கிழிந்திருந்தது. முன்சக்கரம் முக்கி முனகிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் அவளைக் கெஞ்ச வைத்துத்தான் நகர்ந்தது.

பச்சமுத்து மகளைத் தொடவில்லை. ஓடிப்போய்ச் சக்கரத்தின் பிரேக் தட்டைத்தான் முதலில் தொட்டான். அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லில் பட்டதுபோல் விரல் சுருண்டது. அதன் பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பிரம்மதேசம் வரைக்கும் நல்லாத்தான்பா போச்சு. திரும்பி வரச்சொல்லோ வண்டி யாரோ பின்னால புடிச்சு இழுக்கிற மாதிரியே இருந்துச்சு. மேட்டுகிட்ட லேசா பிரேக் புடிச்சேன். புடிச்சது விடவே இல்ல. சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி ஒரு லாரி..."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்ற அம்மா ஆராயிக்கு அந்த ஒரு சொல்லே போதும். அவளோடு பிறந்த ஒரே தம்பி, தன் கல்யாணத்துக்கு வண்டியில் பத்திரிகை வைக்கப் போனவன், ஈசிஆர் ரோட்டில் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். அவன் சட்டைப்பையில் மிச்சமிருந்த பத்திரிகைகளைப் போலீஸ்காரர் அவள் கையில்தான் கொடுத்தார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பச்சமுத்து சமாளித்திருப்பான்.

"போதும்," என்றாள். "கம்பெனியும் வேணாம், வண்டியும் வேணாம். நாளையிலேர்ந்து எங்கூட அளத்துக்கு வா. உப்பு வாரினா கையிதான் போவும். உசுரு போவாது."

"ம்மா, நாளைக்குத்தாம்மா பர்மனன்ட் பண்றாங்க. வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

"போட்டுக்கட்டும். ஒழுங்கா பிரேக் புடிக்கத் தெரியாதவளுக்கு வண்டி இன்னாத்துக்கு?"

பிரியதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். தான்தான் பயத்தில் ஏதோ தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று அவளும் நம்பியிருந்தாள். பிரம்மதேசத்தைத் தாண்டியிருந்த ஷூ கம்பெனியில் மூன்று மாதம் தையல் மெஷினில் பயிற்சி எடுத்தவள் அவள். பயிற்சி பகலில் நடந்தது, பஸ் இருந்தது. நாளை முதல் காலை ஷிப்ட். முதல் பஸ் கிளம்புவதற்குள் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். வண்டி ஓடினால் வேலை, இல்லையென்றால் உப்பளம். அதற்கு நடுவில் வேறு வழி கிடையாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று வண்டியில் ஒருமுறை வழி பார்த்துவரப் போனாள்.

பச்சமுத்துவின் வாழ்க்கையை ஒரே வரியில் சொல்வதென்றால், அவன் துருவோடு சண்டை போட்டுக்கொண்டே நாற்பத்தேழு வயதுக்கு வந்தவன். உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மரக்காணத்து உப்புக்காற்று இரும்பைத் தின்று வளர்கிற காற்று. கதவுக் கீல், சாவி, கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய் என்று எதையும் விடாது. அதற்கு அளத்துக்காரர்கள் கண்ட வைத்தியம் மோட்டாரிலிருந்து வடிக்கும் கறுத்த வேஸ்ட் ஆயில். எதில் துரு பிடித்தாலும் அதைத்தான் பூசுவார்கள். பச்சமுத்துவோ பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல் பூசுவான். இந்த வண்டி மகளுக்கு என்று முடிவான நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் மண்ணெண்ணெயில் கழுவி, துணியைச் சுருட்டி ஆயிலில் தோய்த்து, சந்து பொந்தெல்லாம் தடவினான். பிரேக் தட்டில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு விவரமும் அவனுக்கு இருந்தது.

மெக்கானிக் பிரிட்டோவுக்கு போன் போட்டான். பிரிட்டோ மாமியார் ஊரில், ஒரு பிள்ளை முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் இருந்தான். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

"ணா, நான் நாளைக்கு சாயங்காலம்தான் வர முடியும்."

"விடியக்காலைல புள்ள போவணும்பா."

"அப்ப நீயே கழட்டு. அளத்து மோட்டாரையே அக்கக்கா பிரிச்சு மாட்டுறவன், இதுக்கு இன்னா பயம்? வீடியோ கால் போடு. பிரியாவ போனைப் புடிக்கச் சொல்லு."

பயம் எதற்கென்று பிரிட்டோவுக்குத் தெரியாது. மோட்டார் நின்றால் பாத்தி காயும். இது நின்றால்?

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினான். பிரிட்டோ சொன்னபடி, பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் தலையில், ஆயில் வடிப்பதற்கென்று இருந்த சின்ன நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினான். ஒரு சொட்டு பிரேக் ஆயில் வந்தது.

"இப்ப சக்கரத்தச் சுத்து. ஃப்ரீயா வருதா?"

"இல்லப்பா. அப்படியேதான் இருக்குது."

"அப்ப ஹேண்டில்பார் பக்கம் கோளாறு இல்ல. பேடை அமுக்குற பிஸ்டன்தான் உள்ளார மாட்டிக்கிச்சு. நிப்பிளை மூடிட்டு, ரெண்டு போல்ட்டையும் எடுத்துட்டு காலிப்பரை வெளிய வாங்கு."

போல்ட் வந்தது. தேய்ந்த பிரேக் பேடுகள் வந்தன. பிரியதர்ஷினி ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையால் பிரேக்கை மெல்ல மெல்ல அமுக்க, உள்ளேயிருந்த பிஸ்டன் மனமில்லாமல் நகர்ந்து, கடைசியில் 'பொளக்' என்று துணியில் விழுந்தது. அதன் இடுப்பில் உப்பும் துருவும் சேர்ந்து ஒரு வளையமாய்ப் படிந்திருந்தன. அது உட்காரும் பள்ளத்திலிருந்து பச்சமுத்து ரப்பர் வளையங்களை ஊசியால் நெம்பி எடுத்தான்.

"காட்டுணா. கிட்டக்க காட்டு." பிரிட்டோவின் குரல் மாறியது. "இன்னாணா இது, டீயில ஊறின பன்னு மாதிரி கீது? எண்ணெய் எதுனா போட்டியா?"

பச்சமுத்துவின் கண் சுவரோரம் இருந்த கறுப்பு ஆயில் டப்பாவின் மேல் போய் நின்றது.

"ணா, உன்னத்தான். மண்ணெண்ணெய், வேஸ்ட் ஆயில், எதுனா?"

"வாரா வாரம்பா. துரு புடிக்கக் கூடாதுன்னு."

"போச்சு போ. அது இரும்பைக் காப்பாத்தும், ரப்பரை ஊத வெச்சிடும். ரப்பர் ஊதினா பிஸ்டன் எப்படித் திரும்பி உள்ள போவும்? புடிச்ச பிரேக் புடிச்சபடியே நிக்கும். அப்படியே ஓட்டினா சூடு ஏறி சக்கரம் லாக் ஆவும். புள்ள தப்பிச்சதே பெருசு."

பச்சமுத்துவின் கை அந்த வளையத்தோடு அந்தரத்தில் நின்றது. லாரி இல்லை, ரோடு இல்லை. மகளைத் தள்ளிவிட்டது இந்தக் கைதான். பாசமாய்த் தடவித் தடவி, இந்தக் கையேதான்.

பிரியதர்ஷினி போனை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டாள். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். "அம்மாகிட்ட சொல்லாதப்பா," என்று கிசுகிசுத்தாள். "உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடும்."

பிரிட்டோவின் அம்மாவிடம் கடைச் சாவி இருந்தது. பிரியதர்ஷினி நடந்தே போய்ப் புது ரப்பர், பேடு, ஒரு புட்டி பிரேக் ஆயில் வாங்கிவந்தாள். கடையில் இருந்தது அந்த ஒரு புட்டிதான். பச்சமுத்து பள்ளத்தில் இறுகியிருந்த உப்பைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டினான். பிஸ்டனை மெல்லிய உப்புத்தாளால் துருவே இல்லாமல் தேய்த்தான். பழக்க தோஷத்தில் கை ஒருமுறை கறுப்பு டப்பாவை நோக்கிப் போய், நடுவழியில் நின்று திரும்பியது. பிரேக் ஆயிலிலேயே எல்லாவற்றையும் கழுவி, புது வளையத்தை அதிலேயே நனைத்து உட்கார வைத்தான். கட்டைவிரலால் அமுக்கியதும் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

ஆனால் எல்லாம் மாட்டி முடித்து பிரேக்கைப் பிடித்தால், அது பஞ்சுபோல் கைப்பிடிவரை வந்தது.

"குழாயில காத்து நிக்குதுணா. அமுக்கிப் புடி, நிப்பிளைத் தொற, மூடு, அப்புறம் விடு. மேல ஹேண்டில்பார்ல இருக்குற டப்பில ஆயில் தீர விடாத. தீந்தா மறுபடியும் காத்து பூந்துடும்."

மகள் அமுக்கினாள், அவன் திறந்தான், மூடினான். குமிழி வந்தது. மறுபடி குமிழி. புட்டியில் ஆயில் இறங்கிக்கொண்டே போனது. அடியில் விரலளவுதான் மிச்சம். பச்சமுத்துவின் வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை. புட்டியைக் கடைசியாகக் கவிழ்த்தபோது நிப்பிளிலிருந்து குமிழியே இல்லாமல் ஒரு நேர்கோடாய் ஆயில் வந்தது. பிரேக் கல்லாய் நின்றது. மகள் பிரேக்கை விட்டாள். அவன் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

குடத்தோடு வந்த ஆராயி அதைப் பார்த்தாள். "வண்டி சரியாச்சு. ஓட்டுறவ சரியாவணுமே," என்று உள்ளே போகத் திரும்பினாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். சும்மா இருந்தால் இன்றைய பொழுது போய்விடும். மகள் மட்டும் காலமெல்லாம் பிரேக் பிடிக்கத் தெரியாதவளாக உப்பு வாருவாள்.

"ஆராயி," என்றான். "அவ சரியாத்தான் புடிச்சா. நான் பூசின எண்ணெயிதான் அவளத் தள்ளிச்சு."

ஊதிப்போன வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னான். ஆராயி அதை நசுக்கிப் பார்த்தாள். வையப்போகிறாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"எடு வண்டிய," என்றாள் மகளிடம். "நீ விழுந்த எடம் வரைக்கும் போ. நான் பின்னால குந்துறேன்."

"வேணாம் ஆராயி, மொதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன்."

"நீ பூசினது போதும். தள்ளி நில்லு."

தம்பி போன நாளிலிருந்து எந்த வண்டியிலும் ஏறாதவள், மகளின் தோளை இறுகப் பற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி உப்பளத்துக் கரையோரமாய்ப் போய் ரோட்டில் திரும்பி மறைந்தது. பச்சமுத்து வாசலில் நின்றான். ஒவ்வொரு லாரியின் சத்தத்துக்கும் ரோட்டை எட்டிப் பார்த்தான். ஒரு லாரி ஹாரனை நீளமாய் அடித்தபோது அவன் செருப்பில்லாமலே ரோடுவரை ஓடிவிட்டான்.

அங்கேதான் அவர்கள் எதிரில் வந்தார்கள். பிரியதர்ஷினி பிரேக் பிடித்தாள். வண்டி அவன் காலருகே நின்றது. பிரேக்கை விட்டதும் தானாகவே ஓர் அடி முன்னால் உருண்டது.

பச்சமுத்து குனிந்து பிரேக் தட்டில் கையை வைத்தான். அது கையைச் சுடவில்லை. பிள்ளையின் நெற்றியில் இருக்கும் சூடுதான் அதில் இருந்தது. கையை எடுக்க மனம் வராமல் அப்படியே குந்தியிருந்தான்.

ஆராயி இறங்கினாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்த டப்பாவ மோட்டார் கொட்டாயிலயே கொண்டுபோய் வெச்சிட்டு வாய்யா," என்றாள். "வண்டிகிட்ட இனிமே அது இருக்கக் கூடாது. போறதுக்கு முன்னாடி கதவுக் கீலுக்கு மட்டும் ரெண்டு சொட்டு வுடு. விடியக்காலைல இவ கெளம்பச்சொல்லோ கதவு கத்தி ஊரையே எழுப்பிடும்."